மூன்றாவது பவுண்டு

அம்மணி,

பக்கத்து அறையில் நீ பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாய். எழுந்து நாலு எட்டு வைத்தால் உன் முன்னால் வந்து நின்றுவிடலாம். ஆனால் பத்து நாளாக நான் எது கேட்டாலும் "ம்" என்று ஒரு எழுத்தில் பதில் சொல்கிறாய். நாளைக்கு ரயிலேறிவிடுவாய். நான் கோயமுத்தூர் ஸ்டேஷனோடு நின்றுகொள்ள வேண்டியவள். அப்பாவும் காரமடைப் பெரிய மாமாவும்தான் பம்பாய் வரை வருகிறார்கள். ஸ்டேஷனில் உறவுக்கூட்டம் சூழ்ந்து நிற்கும்போது மனசில் இருப்பதைப் பேச முடியுமா? அதனால்தான் எழுதுகிறேன். பம்பாயில் விமானத்துக்குக் காத்திருக்கும்போது மாமா இதை உன் கையில் கொடுப்பார். கோபமாகவே படி, பரவாயில்லை. ஆனால் முழுக்கப் படித்துவிடு.

கோபத்துக்குக் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. உனக்கு டிக்கெட் எடுக்கும் பேச்சு வந்த அன்றைக்கு உன் மாமியாரும் கூடத்தில் இருந்தார்கள். காப்பி கொண்டுவந்த நான், "போக வரச் சேர்த்தே எடுத்துப்போடுங்களேன்" என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன் மாமியார் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க சம்பந்தி, புள்ள எங்கூட்டுக்கு வாறதுக்கு முன்னாலயே திரும்பிப் போறதுக்கு வழி பார்த்து வெக்கறீங்களாக்கு?" என்று சிரித்தபடியே கேட்டார்கள். சிரிப்பு உதட்டில்தான் இருந்தது. உன் அப்பா, "என்ன பேச்சு பேசற நீ? வாழப்போற புள்ளைக்கு யாராச்சும் திரும்பி வாறதுக்கு டிக்கெட் எடுப்பாங்களா?" என்று எல்லார் முன்னாலும் என்னைச் சத்தம் போட்டார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அவர்கள் போன பிறகு நீ வந்து, "நான் தோத்துட்டு வருவேன்னு இப்பவே முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்று கேட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. சபையில் கேட்டது தப்பு. தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டதே தப்பு என்று மட்டும் இன்னும் எனக்குத் தோன்றவில்லை.

கடைக்குப் போனால்கூட "போயிட்டு வாரேன்" என்று சொல்லிப் போகிற சனம் நாம். "போறேன்" என்று யாராவது சொன்னால் அடித்துப் பிடித்து "போயிட்டு வாரேன்னு சொல்லு" என்று திருத்துவோம். வாயால் சொன்னால் மங்களம், அதையே டிக்கெட்டில் எழுதினால் அபசகுனமா? கல்யாணம் முடிந்து மறுவீடு என்று பொண்ணையும் மாப்பிள்ளையையும் அழைத்து விருந்து வைக்கிறோமே, அது எதற்கு? வந்துபோக வழி இருக்கிறது என்று பொண்ணுக்குக் காட்டத்தானே? உனக்கு அந்த மறுவீடுகூட ஒழுங்காக நடக்கவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு இரண்டே வாரம். தாலி கட்டின ஈரம் காய்வதற்குள் விருந்தையும் முடித்து அவரை விமானம் ஏற்றிவிட்டோம். இப்போது நீ அவர் பின்னால் போகிறாய்.

என் பயத்தை உடைத்தே சொல்லிவிடுகிறேன். இங்கே உன் பேரில் என்ன இருந்தாலும், பம்பாயில் விமானம் ஏறினதும் நீ வெறும் மூன்று பவுண்டுக்காரி. சர்க்கார் உத்தரவு அப்படி. அதற்கு மேல் கொண்டுபோகக் கூடாது, நாங்கள் நினைத்தாலும் பின்னால் அனுப்ப முடியாது. உள்ளூரில் கட்டிக்கொடுத்திருந்தால் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று உன் கையில் ஏதாவது வைத்துக்கொண்டே இருப்போம். அங்கே தலைவலி மாத்திரை வாங்க வேண்டுமென்றாலும் நீ ஒருத்தரிடம்தான் கை நீட்ட வேண்டும். அந்த ஒருத்தரை எனக்கு இரண்டு வாரம்தான் தெரியும். உனக்கும் அவ்வளவுதான்.

அவரை நான் குறை சொல்ல வரவில்லை. தன் படுக்கையைத் தானே மடித்து வைத்தார். அப்பாவின் பையைக் கையிலிருந்து வாங்கிச் சுமந்தார். வெள்ளைக்காரன் ஊரில் ஐந்து வருஷமாகத் தனியாகப் பொங்கித் தின்று காலம் தள்ளியிருக்கிறார். ஆனால் ஒன்று கவனித்தாயா? எதைப் பார்த்தாலும் பவுண்டில் மாற்றிச் சொன்னார். அப்பா ஆசை ஆசையாக வாங்கிவந்த பட்டு வேட்டியைப் பிரித்துப் பார்த்து, "அஞ்சு பவுண்டு ஆகியிருக்குமா?" என்றார். மாமா தோட்டத்திலிருந்து வந்த வாழைத்தாரைத் தட்டிப் பார்த்து, "இது அங்க எத்தனை ஷில்லிங் தெரியுமா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்புறம் அடுப்படிக்குள் வந்து நின்றபோது, என் பொண்ணையும் ஒருநாள் இப்படி மாற்றிப் பார்த்து இவ்வளவுதானா என்று சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது.

அந்த டெலிபோன் கூத்தை நீ மறந்திருக்க மாட்டாய். கல்யாணத்துக்கு முன்னால், கார்த்திகை மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாப்பிள்ளை லண்டனிலிருந்து பேசுவார் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நமக்கு ஏது டெலிபோன்? ஆர்.எஸ்.புரத்து டாக்டரம்மா வீட்டில் சொல்லி வைத்து, துடியலூரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்தோம். நீ மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தாய், டெலிபோனில் சேலை தெரியும் என்பதுபோல. பத்து ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, சாப்பாட்டு நேரமும் ஆயிற்று. அடுத்தவர் வீட்டில் எத்தனை நேரம்தான் உட்கார்ந்திருப்பது? அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "முதல் பேச்சே தவறுனவன் என்ன மனுசன்?" என்று எழுந்துவிட்டார். நாம் வீடு வந்து சேர்வதற்கும் அங்கே மணி அடிப்பதற்கும் சரியாக இருந்திருக்கிறது. அவர் சொன்னது அவருடைய பத்து மணி. நமக்கு அப்போது மூன்றரை. மில்லில் ஷிப்டு ஷிப்டாகக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற உன் அப்பாவுக்கும் தோன்றவில்லை, கிரீன்விச் என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்ட உனக்கும் தோன்றவில்லை. பத்து என்றால் உலகம் பூராவும் பத்து என்று இருந்துவிட்டோம்.

அதுவரை வேடிக்கைதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியான நேரத்துக்குப் போய்க் காத்திருந்தோம், மணியும் அடித்தது. மூன்று நிமிஷம் பேச்சு. அந்த மூன்று நிமிஷத்தில் அவர் என்ன பேசினார் என்று நினைத்துப் பார். போன வாரம் வீணாய்ப் போன காசு எவ்வளவு, இந்த வாரத்துக்கு எவ்வளவு, ரூபாயில் அது எத்தனை, நேரத்தை ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கக் கூடாதா என்று. நீ "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாய். நன்றாக இருக்கிறாயா என்று அவர் கேட்பார் கேட்பார் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் லைன் போய்விட்டது. வரும் வழியெல்லாம் நீ, "பாவம்மா அவர், எவ்வளவு செலவு பண்ணியிருக்கார்" என்றாய். பனியில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற காசு, வீணானால் வயிறு எரியத்தான் செய்யும் என்று நானும் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் நினைப்பது தப்பாக இருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் இருக்க மாட்டாள்.

இனி நான் சொல்வதைக் கேள். எல்லாம் டாக்டரம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அவர்கள் புருஷனோடு இரண்டு வருஷம் அங்கே இருந்து வந்தவர்கள். வழியில் விமானம் பெய்ரூட்டிலும் ரோமிலும் நிற்குமாம். இறங்கிக் காப்பி குடிக்கலாம் என்று பவுண்டை நீட்டிவிடாதே. மீதியை அந்த ஊர்க் காசாகத் தருவான், அது அடுத்த ஊரில் செல்லாது. பொம்மை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். லண்டனில் இறங்கினால் கணக்கு உனக்குச் சிரமமாக இருக்காது. எங்கள் காலத்தில் அணாவுக்குப் பன்னிரண்டு பை. அவர்களுக்கு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. ரூபாய்க்குப் பதினாறு அணா மாதிரி பவுண்டுக்கு இருபது ஷில்லிங். நாம் அந்தத் தொல்லையை விட்டுவிட்டோம், நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இன்னும் விடவில்லை!

நயா பைசா வந்த புதிதில் நீ செய்த அட்டகாசம் நினைவிருக்கிறதா? ஓர் அணாவுக்கு ஆறு காசு, நாலணாவுக்கு இருபத்தைந்து காசு என்று கணக்கு. கட்டு ஓரணா என்று விற்ற கீரைக்காரம்மாவிடம் நாலு கட்டு வாங்கச் சொன்னால், ஒவ்வொரு கட்டாக வாங்கி, ஆறாறு காசாக நாலு தடவை கொடுத்து, ஒரு காசு மிச்சம் பிடித்துக்கொண்டு வந்தாய். அந்த அம்மா வாசலில் நின்று, "ஏனுங்கம்மணி, இந்தப் புள்ள கலெக்டரு ஆயிருமாட்ட இருக்குதுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சாமர்த்தியம் இப்போது எங்கே போயிற்று என்றுதான் எனக்குப் புரியவில்லை. பணத்தை மாற்றுகிற இடத்திலெல்லாம் ஒரு காசு நழுவும். அது யார் பக்கம் விழுகிறது என்று பார்க்கத் தெரிந்த பொண்ணு நீ.

ஆனால் வாங்குகிற ஒவ்வொன்றையும் ரூபாயில் மாற்றிப் பார்க்காதே. போன வருஷம் சர்க்கார் ரூபாயின் மதிப்பைக் குறைத்ததிலிருந்து, பதிமூன்று சில்லறை விற்ற பவுண்டு இருபத்தொன்று ஆகிவிட்டது. ஒரு ரொட்டி வாங்கினாலும் ரூபாயில் நினைத்தால் தொண்டையில் இறங்காது. அங்கே இருக்கும்வரை அங்கத்திய காசில் நினை, வயிறாரச் சாப்பிடு. வேலைக்குப் போகலாம் என்றால் போ. நீ படித்த பி.எஸ்ஸி. சும்மா கிடக்க வேண்டாம். சம்பளத்தில் ஒரு பங்காவது உன் பேரில் இருக்கட்டும். இதை அவரிடம் சண்டையாகச் சொல்லாமல் சாதாரணமாகச் சொல். நல்லவராக இருந்தால் சாதாரணமாகவே கேட்டுக்கொள்வார். பாஸ்போர்ட்டை மட்டும் யார் கேட்டாலும், எதற்காகக் கேட்டாலும், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கி உன் பெட்டியில் வை.

கைக்கடிகாரத்தை அங்கே போய் இறங்கினதும் திருப்பிவிடு. நம் ஊர் நேரத்தையே பிடித்துக்கொண்டிருந்தால் அவர்கள் தூங்கும்போது விழித்திருப்பாய், அவர்கள் சாப்பிடும்போது தூங்கி விழுவாய். கொஞ்ச நாளைக்குப் பசிகூட நம் ஊர் நேரத்துக்குத்தான் எடுக்குமாம். இங்கே நான் உன் நேரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மூன்றரைக்கு மில்லில் முதல் ஷிப்டு விடுகிற சங்கு ஊதும்போது உனக்குக் காலை பத்து மணி. பங்குனியில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்களாம், அப்புறம் சங்கு ஊதும்போது உனக்குப் பதினொன்று. அந்தச் சங்கு ஊதும்போதெல்லாம் அவள் இப்போது குளித்திருப்பாள், அவள் இப்போது உலை வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அழுதிருப்பாள் என்று நினைக்கும்படி மட்டும் வைத்துவிடாதே, கண்ணு.

திரும்பி வருவது தோற்பது என்று நீ சொன்னாயே, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். உனக்கு இதுவரை சொன்னதில்லை. எனக்குக் கல்யாணமானது உலகச் சண்டைக் காலம். காரமடையிலிருந்து துடியலூருக்கு வாழ வந்தேன். வண்டியேறப் போகும்போது என் அண்ணன், உன் பெரிய மாமா, என் முந்தானையில் எட்டணாவை முடிந்து, "அம்மணி, இது செலவுக்கில்ல. பஸ்ஸுக்கு" என்றார். ஐந்தாறு மாதம் கழித்து ஒருநாள் உன் அப்பா, அவருக்கு அப்போது வாலிபமும் கோபமும் ஒன்றாக ஏறியிருந்தது, குழம்பு சரியில்லை என்று சோற்றோடு தட்டை என் காலடியில் வீசினார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "ஊருக்குப் போயிட்டு வாரேனுங்க" என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டு ரோட்டுக்கு வந்து நின்றேன். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் பஸ் ஓடிய காலம் அது. மேடு வந்தால் ஆண்களெல்லாம் இறங்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளித் தள்ளிக் காரமடை போய்ச் சேர்ந்தபோது, மாமா வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கையில் பை இல்லாததையும் பார்த்தார். "வா அம்மணி. சோறு தின்னுட்டயா?" என்றார். ஏன் வந்தாய் என்று அந்த வீட்டில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் நானே கிளம்பிவிட்டேன். யாரும் கொண்டுவந்து விடவில்லை, யாரும் வந்து கூப்பிடவும் இல்லை. எனக்கே வரவேண்டும் போல இருந்தது. உன் அப்பா கெட்டவரில்லை என்று எனக்குத் தெரியும். நாதியற்றவள் இல்லை நான் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அப்புறம் இந்த வீட்டில் தட்டு பறந்ததில்லை. அந்த எட்டணா இல்லாமல் இருந்திருந்தால் நான் இங்கேயே கிடந்திருப்பேன், ஆனால் இன்றைக்கு நீ பார்க்கிற அம்மாவாக இருந்திருக்க மாட்டேன். போய்விட்டு வந்ததால்தான் என்னால் இங்கே நிலைத்து வாழ முடிந்தது. இதில் தோல்வி எங்கே இருக்கிறது, சொல்.

அதனால் உன் அப்பாவுக்குத் தெரியாமல் மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர், "அன்னிக்கு பஸ்ஸுக்குக் குடுத்தேன். இன்னிக்கு ஏரோப்ளேனுக்குக் கேக்கற. ஊரு தூரமாப் போச்சு, வேறென்ன" என்றார். வாழை வெட்டிய பணத்தைக் கொண்டுபோய் உனக்கு டிக்கெட் எடுத்துக்கொடுத்த ஏஜெண்டிடமே கட்டிவிட்டார். ஏஜெண்டு சொன்னதைக் கவனமாகக் கேள். உனக்கு அங்கே பவுண்டு தேவையில்லை. இங்கே ரூபாயில் கட்டியிருக்கிற பணத்துக்கு, நாங்கள் சொன்னால் ஏஜெண்டு லண்டனுக்குத் தந்தி கொடுப்பார். லண்டனில் விமானக் கம்பெனி ஆபீசுக்குப் பாஸ்போர்ட்டோடு நீ போனால் உன் பேருக்கு டிக்கெட் எழுதித் தருவார்கள். அதற்கு வேண்டிய சர்க்கார் அனுமதிக்கு இப்போதே எழுதிப்போட்டாயிற்று.

ஆகவே உன் மூன்று பவுண்டில் இரண்டை உன் இஷ்டத்துக்குச் செலவு செய். அவருக்கு ஏதாவது வாங்கிக் கொடு, ஐஸ்கிரீம் தின்னு, சினிமா பார். மூன்றாவது பவுண்டை மட்டும் மாற்றாதே. அது தந்திக்கு. தபாலில் கோயமுத்தூருக்கு ஒரு கடுதாசி வர எத்தனை நாளோ, அதை யார் படிப்பார்களோ. தந்தியில் "மறுவீடு" என்று ஒரே ஒரு சொல் போடு, இங்கிலீஷ் எழுத்தில். தந்திக்காரனுக்கு அது ஒன்றும் புரியாது. நாங்கள் ஏன் என்று கேட்க மாட்டோம். வந்து இரண்டு நாள் தூங்கிவிட்டு மறுபடியும் அவரிடமே போகிறேன் என்றாலும் சரி, அப்போதும் ஏன் என்று கேட்க மாட்டோம். இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு, அந்தச் சொல்லை மட்டும் வைத்துக்கொள்.

இவ்வளவு எழுதி முடித்து மடிக்கப் போகும்போது உன் அப்பா உள்ளே வந்தார். மறைக்க நேரமில்லை. நான் எழுதினதைப் பார்த்தார், படிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே, "உங்கண்ணன் கட்டுன பணம் பத்தாது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் உன் டிக்கெட்டைக் கையில் வாங்கி வரப் போனபோது, வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று ஏஜெண்டு இவரிடமே பேசியிருக்கிறார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "ரூபா மறுபடியும் எறங்குச்சுன்னா என்ன பண்ணுவ? போன வருசமாட்ட ஒரே நாள்ல டிக்கெட்டு ஏறிப்போச்சுன்னா, புள்ளைய ரோம்லயே எறக்கி உட்ருவான். மேக்கொண்டு நானுங் கொஞ்சம் கட்டிப்போட்டு வந்துருக்கறேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவகிட்டச் சொல்லிப்போடாத" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். நாளைக்கு ஸ்டேஷனிலும் பம்பாயிலும் அவர் முறைத்துக்கொண்டுதான் நிற்பார். "போயிட்டு வாரேனுங்கப்பா" என்று விமானம் ஏறும்போது அவருக்குக் கேட்கும்படி சொல்.

இப்போது நீ பெட்டியைப் பூட்டுகிற சத்தம் கேட்கிறது. அந்த மூன்றாவது பவுண்டு, உனக்குத் தலை நரைத்து, உன் பொண்ணு அதை எடுத்துப் பார்த்து இது என்னம்மா என்று கேட்கும்வரை மடிப்புக் கலையாமல் உன் பெட்டியிலேயே கிடக்க வேண்டும் என்று காரமடை ரங்கநாதரை வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கிடக்கட்டும் அது. உன்னிடம் கிடக்கட்டும்.

கதவைத் திறந்து வைத்திருக்கிற
உன் அம்மா